செவ்வாய்க்கிழமைக் காய்ச்சல்

"காருக்குத் திரும்பவும் காய்ச்சல்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை, கோட்டை மாட்டியபடி.

றோஸ்மேரி கரண்டியைப் போட்ட வேகத்தில் கறிச்சட்டி ஒரு சுற்றுச் சுற்றியது.

"போன செவ்வாயும் காய்ச்சல். அதுக்கு முதல் செவ்வாயும் காய்ச்சல். உங்களுக்கு லீவு நாள் பார்த்தோ அதுக்கு வருத்தம் வருது?"

"எஞ்சின் சூடு பாக்கிற சென்சர் பிழையப்பா. லைற் எரியுது. ஃபான் நிக்காமல் சுத்துது."

"எங்கட லாசாலில கராஜே இல்லையோ? ஆறு தாண்டி லொங்குய்யுக்குத்தான் போகவேணுமோ?"

"அருளம்பலம் நல்ல வேலைகாரன்."

"நல்ல வேலைகாரன் பூட்டினது ஒரு கிழமையாவது நிக்கவேணும். நானும் வாறன். அவனோட ரெண்டு வார்த்தை கதைக்கவேணும்."

அவர் முகம் சுருங்கியது. "குளிரப்பா, நீர் ஏன்?"

குளிராம்! இருபது வருடமாக இல்லாத கரிசனை.

வழியெல்லாம் மணிக்கூட்டையே பார்த்தார். பத்துக்கு முதல் போய்ச் சேரவேண்டுமாம். பாலம் கடந்ததும் றோஸ்மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த ஊரில்தான் எங்கேயோ ஜெசிக்கா இருக்கிறாள். வெள்ளைக்காரனைக் கட்டிய மகள். மத்தியானங்களில் ஒளித்து ஒளித்துப் போனில் கதைப்பதோடு சரி. பேத்தி எலிசாவை இன்னும் கண்ணால் கண்டதில்லை.

"எனக்குப் பிள்ளையும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை" என்று கோயில் வாசலில் நின்று சத்தியம் பண்ணிய மனிதர், பக்கத்தில் ரேடியோவுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கல்நெஞ்சன்.

கராஜில் காரை விட்டதும், "ஒரு கோப்பி குடிச்சிட்டு வாறன்" என்று நழுவினார்.

அருளம்பலம் கேத்திலைப் போட்டான்.

"தம்பி, நான் தேத்தண்ணிக்கு வரேல்லை."

"தேத்தண்ணி இல்லையக்கா, சோதினை." கழற்றிய சென்சரைச் சுடுநீரில் பிடித்து, மீற்றரின் வயர்களைத் தொடுத்தான். "சூடு ஏற ஏற இலக்கம் இறங்கவேணும். பாருங்கோ, இறங்குது. நல்ல சென்சர். முதல்தரம் பாலத்தடியில கார் நிண்டு, இழுத்துக்கொண்டு வரேக்க இருந்ததுதான் பழுது. நான் புதுசு பூட்டினாப்பிறகு ஒரு பிழையும் இல்லை."

"அப்ப ஏன் லைற் எரியுது?"

"பிளக்கை ஆரோ கையால கழட்டுகினம்."

"ஆர்?"

தலையைச் சொறிந்தான். "நான் திருப்பி மாட்டி அனுப்புறன். அண்ணையும் ஒண்டும் கேக்கிறேல்லை, நானும் ஒண்டும் சொல்லுறேல்லை."

றோஸ்மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க அந்த மனுசன்?"

அருளம்பலம் கண்ணால் ஜன்னலைக் காட்டினான்.

எதிரே ஒரு கார்டெரி, சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடம். பத்து மணிக்குப் பிள்ளைகளை வளவுக்குள் விளையாட விட்டிருந்தார்கள். கம்பிவேலிக்கு வெளியே, பனிக்குள் முழங்காலில், செபஸ்தியாம்பிள்ளை. உள்ளே சிவப்புத் தொப்பியோடு ஒரு குழந்தை. அதே ஜெசிக்காவின் சப்பை மூக்கு.

"முதல்நாள் இங்க நிக்கேக்க, மகள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டதை அண்ணை கண்டவர்," என்றான் அருளம்பலம். " பேந்து டீச்சர் சந்தேகப்பட்டு மகளிட்டக் கேட்டிருக்கிறா. 'அது என்ர அப்பா. எனக்குத் தெரியும் எண்டு அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, வராமல் விட்டிடுவார்' எண்டவவாம். டீச்சர்தான் எனக்குச் சொன்னவ."

றோஸ்மேரி கதவைக் கொஞ்சம் திறந்தாள். குளிர்காற்றோடு சின்னக் குரல் ஒன்றும் வந்தது.

"அம்மப்பா, காருக்கு இண்டைக்கும் காய்ச்சலோ?"

'அம்மப்பா' என்ற சொல்லைக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவும் வேண்டுமா? கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"என்னக்கா, கண்ணில?"

"உம்மட கேத்தில் ஆவி."

திரும்பும் வழியில் அவர் மெதுவாகக் கேட்டார். "அருளம்பலத்துக்கு நல்லாப் பேச்சுக் குடுத்தீரோ?"

"குடுத்தன், குடுத்தன். ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ."

அடுத்த செவ்வாய் காலை, செபஸ்தியாம்பிள்ளை பூனைபோல் வெளியே போய்க் காரின் பொனற்றைத் திறந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

பிளக் ஏற்கெனவே கழன்று தொங்கியது.

வாசலில் றோஸ்மேரி, கோட்டும் சப்பாத்துமாக.

"என்னப்பா பாக்கிறியள்? காய்ச்சல்தானே! ஏறுங்கோ, பத்து மணியாகப்போகுது."