அம்பாரோவின் கனம்

அம்பாரோ லிசாராகா தன் ஒன்பதாவது படத்திலும் கடைசியில் செத்துப்போகிறாள். மெக்சிகோ நகரத்து ஸ்டுடியோவில் அவளுடைய சவப்பெட்டியைச் சுமப்பது எப்போதும் நாங்கள் நாலு பேர்தான். முகம் தெரிகிற காட்சிக்கு அவளே படுப்பாள். மூடிய பெட்டி தூரத்தில் போகிற காட்சிக்கு வெறும் பெட்டி போதும்.

அன்று எடுத்தது தூரக்காட்சி. அம்பாரோ நாற்காலியில் உட்கார்ந்து தமாலே தின்றுகொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கினோம். தோளில் அவள் கனம் இறங்கியது.

"யோவ், உள்ள என்னத்தய்யா வச்சீங்க?" என்றார் மூத்தவர் எலியோதோரோ.

"நேத்துக் குடிச்ச மெஸ்கால்தான் உமக்குக் கனக்குது" என்று டைரக்டர் சிரித்தார்.

இறக்கித் திறந்து பார்த்தோம். ஒன்றுமில்லை. மூடித் தூக்கினால் அதே கனம்.

அம்பாரோவின் முகம் வெளுத்தது. "விளையாடாதீங்கய்யா. எம் பொண்ணு காத்துக்கிட்டிருப்பா, நான் வீட்டுக்குப் போகணும்."

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை, காட்சி முடிந்ததும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். "இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பெட்டியை விட்டு எழுந்திருக்க வேண்டும். முந்தின நாள் அவள் படுத்திருந்தபோது மழை வந்துவிட்டது. எல்லோரும் ஓடினோம். யாரும் கூப்பிடவில்லை.

எலியோதோரோ ஒரு கையால் தொப்பியைக் கழற்றினார். "அம்பாரோ லிசாராகா!"

அவள் நாற்காலியைவிட்டு எழுந்து வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

என் காதுக்குப் பக்கத்தில், பெட்டிப் பலகைக்கு உள்ளேயிருந்து, அவள் குரல் பதில் சொன்னது.

"இங்கதான் இருக்கேன்."