மூன்றாவது மெஷினுக்குப் பொட்டு இல்லை

யானை மறுபடியும் காணாமல் போய்விட்டது.

லோகப்பிரியா திரையை முறைத்தாள். அவள் அனுப்பியது யானையின் படம்தான், நிஜ யானை இல்லை. ஆனாலும் படம் போய்ச் சேர்ந்தால் மேசையில் கிடக்கும் போன் அலற வேண்டும். முன்பு அனுப்பிய இரண்டுக்கும் அலறியது. இப்போது கல்லுப்பிள்ளையார் மாதிரிக் கிடந்தது.

மணி இரண்டு. நாலு மணிக்குத் தொண்டாமுத்தூர் விவசாயிகள் கணபதிப் பகுதியில் இருக்கும் இந்த ஆபீஸுக்கு வருகிறார்கள்.

காட்டோரத்தில் கேமரா. அதில் யானை பட்டால் ஊரில் எல்லார் போனும் அடிக்கும். அதுதான் லோகப்பிரியா செய்துகொடுத்த ஏற்பாடு. போன வாரம் நிஜ யானையே வந்தது. ஒரு போனும் அடிக்கவில்லை. ராமாத்தாள் தோட்டத்து வாழையை நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பிப் போனது.

இன்றைக்கும் சொதப்பினால் கேமராக்களைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று ஊரில் முடிவாகிவிட்டது. விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு வருபவர் கந்தப்பன், லோகப்பிரியாவின் அப்பா. எம்புள்ள செஞ்சது தப்பாது என்று ஊருக்கு நடுவில் வாக்குக் கொடுத்தவரும் அவரேதான்.

உள்ளறையில் மூன்று சர்வர் மெஷின்கள். மூன்றும் சேர்ந்து ஒன்றுபோல வேலை செய்யும். படம் பார்க்கிற புரோகிராம் கன்டெய்னர் என்கிற தனி டப்பா ஒன்றில், போனுக்குச் சொல்கிற புரோகிராம் இன்னொன்றில். எந்த மெஷினில் இடமிருக்கிறதோ அதில் போய்க் கன்டெய்னர் உட்கார்ந்துகொள்ளும். யார் யாரோடு பேசலாம் என்பதற்கு விதி உண்டு. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினிலும் ஒரு காவல்கார புரோகிராம் நிற்கும்.

விதியில் தப்பே இல்லை. காலையிலிருந்து வரிவரியாகப் படித்துவிட்டாள். ஆனாலும் காவல்காரன் ஒரு நேரம் கதவைத் திறந்தான், ஒரு நேரம் முகத்தில் அடித்துச் சாத்தினான்.

எப்போதும் கெட்டுக் கிடந்தால் பிடித்துவிடலாம். எப்போதாவது கெடுவதுதான் உயிரை வாங்கும்.

முதலாளி நரசிம்மலு பால் டம்ளரோடு எட்டிப் பார்த்தார். வயிற்றில் புண் என்று கொஞ்ச நாளாக மனிதருக்குக் காபி கிடையாது, பால்தான்.

கீழே லேத் பட்டறை, மேலே கம்ப்யூட்டர், இரண்டும் அவருடையது. அவருக்கு இரண்டும் ஆயுதம்தான். ஆயுத பூஜையன்று லேத்தோடு சேர்த்து சர்வரையும் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள்தான் எழுப்புவார். பூனை குறுக்கே போனால் அன்றைக்குப் பட்டறையையே திறக்காத ஆள். அவரிடம் போய் விதி, காவல்காரன் என்று யார் விளக்குவது?

தவறிய யானைகள் எந்தெந்த மெஷினில் தவறின என்று லோகப்பிரியா தேடி எடுத்தாள்.

எல்லாம் மூன்றாவது மெஷின்.

எழுந்தாள். நரசிம்மலு பாலோடு வந்து உள்ளறை வாசலை மறித்தார். உள்ளே ஒரே தூசி, இங்கிருந்தே பாருங்களேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

முதல் மெஷினில் சந்தனப் பொட்டு, வாடிய செவ்வந்தி. இரண்டாவதிலும் அப்படியே.

மூன்றாவது மொட்டையாக நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூஜைக்கு முந்தின நாள்தான் அவள் விதியை மாற்றினாள். நின்று எழுந்த இரண்டும் புது விதியோடு எழுந்தன. இது நிற்கவே இல்லை. இதன் காவல்காரன் பழைய விதியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டான். மூன்றும் நின்றன என்று நம்பியதால் அவள் இந்தப் பக்கமே தேடவில்லை.

"ஏனுங்க சார், இத மட்டும் பூஜைக்கு நிறுத்தலீங்களா?"

நரசிம்மலு சுவரைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார்.

"இப்ப ஆஃப் பண்ணியே ஆகோணுங்களா அம்மணி? சூடு ஆறிப்போயிருமே."

என்ன கவலை இது என்று அவளுக்குப் புரியவில்லை. மெஷினைத் தொட வேண்டாம், காவல்காரனை மட்டும் தட்டி எழுப்பினால் போதும் என்றாள். அவர் விட்ட பெருமூச்சில் வாடிய செவ்வந்தி ஆடியது.

தட்டி எழுப்பினாள். யானையை அனுப்பினாள். போன் அலறியது. இன்னொன்று. அலறியது. கை வலிக்கும்வரை அனுப்பினாள், ஒன்றுகூடத் தப்பவில்லை.

அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் பஸ் இரைச்சல், அதற்கும் மேலே ஊர்க்காரர்களின் சிரிப்பு.

"போதுங் கண்ணு, நிறுத்து. பஸ்ஸுக்குள்ள அத்தன பேரு போனும் அடிச்சு, யானை எங்கீன்னு டிரைவரு வண்டியவே நிறுத்திப்போட்டாரு."

லோகப்பிரியா பூஜை மாடத்திலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். பாவம், அந்த மூன்றாவதற்கும் ஒரு பொட்டு வைத்துவிடலாம்.

கிண்ணத்தில் சந்தனம் ஈரமாக இருந்தது. யாரோ இன்று காலையில்தான் குழைத்திருக்கிறார்கள்.

மெஷினுக்குப் பின்னால், வெதுவெதுவென்று காற்று வந்து விழுகிற இடத்தில், மடித்துப் போட்ட சாக்கு. பக்கத்தில் பால் டம்ளர்.

சாக்கின் மேல் தாய்ப்பூனையும் நாலு குட்டிகளும் தூங்கிக்கொண்டிருந்தன. குட்டிகளின் நெற்றியில், லேத் பிடித்த கட்டைவிரல் அகலத்துக்கு, இன்னும் காயாத சந்தனம்.