ஆபிரகாமின் மனு

தோட்டத்து ஆட்களின் பேர்ப் பதிவான செக்ரோலை விசாரணை அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவதையே போதகர் மாசிலாமணி பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டன் அரசாங்கக் கந்தோரின் நீள பெஞ்சில் அவருக்கு ஒரு பக்கம் ஆபிரகாம், மறுபக்கம் ஆபிரகாமின் மனைவி சாராள். தேயிலைக் கொழுந்து எடுக்கும் கைகள் இரண்டு ஜோடியும் மடியில் சும்மா கிடந்தன. ஆபிரகாமின் இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியானால், இன்றைக்கில்லாவிட்டாலும் ஒருநாள், நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் பார்த்தேயிராத இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

குழப்பம் இதுதான். தோட்டத்துச் செக்ரோலில் நாற்பத்திரண்டாம் வருஷம் வரைக்கும் நல்லமுத்து என்று ஒருவனுக்குப் பேர் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவனைக் காணோம். அவன் இடத்தில் ஆபிரகாம் என்று ஒருவன் முளைத்திருக்கிறான். புதுச் சட்டப்படி நாற்பத்தாறுக்கு முன்னால் தொடர்ந்து ஏழு வருஷம் தோட்டத்தில் இருந்ததாகக் காட்ட வேண்டும். இரண்டு பேரில் யாருக்கும் அந்தக் கணக்குத் தேறவில்லை.

இரண்டும் ஒரே ஆள்தான். ஒரே ஆளை இப்படி இரண்டாக்கி வைத்தவர் நம் போதகர்.

ஞானஸ்நானம் என்றால் அவருக்கு அரைகுறை வேலை ஆகாது. கிறிஸ்துவுக்குள் வந்தவன் புது மனிதன், பழைய மனிதன் செத்துப்போனான். செத்தவன் பேரை எதற்குச் சுமக்க வேண்டும்? அவர் சபையில் மூன்று மோசே, இரண்டு ஈசாக்கு, மீசை முளைக்காத ஒரு மெத்தூசலா. கோயிலில் ஒரு பேர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேறு பேர் என்றால் அது இரண்டு எஜமானுக்கு ஊழியம் பார்ப்பது என்று கணக்கப்பிள்ளையிடம் மல்லுக்கு நின்று, செக்ரோலிலும் பேரை மாற்ற வைத்தார். அதைப் பிரசங்கத்தில் வேறு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

இப்படி ஒரு சட்டம் வரும் என்று அன்றைக்கு யார் கண்டது?

நல்லமுத்து ஊருக்குத் திரும்பிப் போயிருப்பான், அவன் இடத்தில் வேறொருவன் வந்து புகுந்திருப்பான் என்பது அதிகாரியின் சந்தேகம். அந்தக் காலத்துத் தோட்டத் துரை சீமைக்குப் போய்விட்டார். கங்காணி செத்துப்போனார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்வதை அதிகாரி காதில் போட்டுக்கொள்வதில்லை. மிச்சம் போதகர்தான்.

வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாயிற்று. தான் ஞானஸ்நானம் கொடுத்தது இந்த ஆளுக்குத்தான் என்றும் சொல்லியாயிற்று. இனி ஒரே ஒரு கேள்வி மட்டும் வந்துவிடக் கூடாது.

ஜெபித்துப் பார்த்தார். ஓடவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய இருபத்துமூன்றாம் சங்கீதம் இரண்டாம் வசனத்தோடு நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமைதான், பயப்படாதே என்று ஆண்டவர் யார் யாரிடம் சொன்னார் என்று பீடத்தில் நின்று ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினார். இன்றைக்கு அதே விரல்கள் அங்கியின் நுனியைப் பிசைந்துகொண்டிருந்தன. தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவருடைய சொந்த மனுவும் இதே கந்தோரில்தான் கிடக்கிறது. நாதியற்ற பிள்ளையாகத் தங்கள் விடுதியில் வளர்ந்தவர் என்று மிஷன்காரர்கள் கொடுத்த கடிதம் ஒன்றுதான் அதற்கு ஆதாரம். அந்தக் கடிதத்தில் ஒரு சொல் பொய் என்று பட்டாலும் மனு போகும். பிரசங்க பீடமும் போகும்.

அதிகாரி பேனாவை மூடப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, நிமிர்ந்தார்.

“நீங்க இந்தச் சபைக்கு வந்ததே நாப்பத்திரண்டிலதானே? அதுக்கு முந்தி இருந்த நல்லமுத்து இவர்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கேட்டேவிட்டார்.

தெரியாது என்று சொல்லலாம். சத்தமில்லாமல் எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மணி அடிக்கும், வழக்கம்போல அப்பமும் திராட்சரசமும் கொடுக்கலாம்.

பக்கத்தில் ஆபிரகாம் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். பதினோரு வருஷத்தில் ஒருநாள் கூட அவர் போதகர் முன்னால் உட்கார்ந்ததில்லை. இன்றைக்குப் பியூன் அதட்டியதால் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் பெஞ்சின் நுனியில்.

மாசிலாமணி அதிகாரியை நேராகப் பார்த்தார்.

“இவர் என் கூடப்பொறந்த அண்ணன்” என்றார்.

சாராள் திடுக்கிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அதிகாரி பேனாவைத் திறந்து, எழுதுவதற்குக் காகிதத்தை இழுத்தார். போதகருக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது.

ஆபிரகாம் எழுந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதிகாரியைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

“இல்லீங்க தொரை. ஐயா எம்மேல எரக்கப்பட்டு அப்படிச் சொல்றாருங்க. அவருக்கு யாருமே இல்லீங்க.”

அதிகாரி எழுதவில்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், மிஷன் விடுதி வாசலில் ஏழு வயதுத் தம்பியின் கையை வெள்ளைக்கார அம்மாவிடம் பிடித்துக் கொடுத்தபோதும், பதினாறு வயது நல்லமுத்து இதையேதான் சொல்லியிருந்தார்.