கடல் திரும்பும் நேரம்

கடல் உள்வாங்கியதும் மணலில் நடந்தே தீவுக்கு வந்திருந்தார்கள், கணவனும் மனைவியும்.

“சீக்கிரம் கிளம்பு, தண்ணி ஏறிடும்!” கணவர் மறுபடியும் கத்தினார்.

“சும்மா விரட்டாதீங்க, வரேன்.” மனைவி சாவகாசமாகச் சிப்பி பொறுக்கினாள்.

அவள் நிமிர்ந்தபோது, நடந்து வந்த மணலைக் கடல் மூடியிருந்தது.

“ஐயோ! இனி காலையிலதானே போக முடியும்? படுக்கையில கிடக்கிற அத்தையை யாரு பாத்துப்பா? எல்லாம் என்னாலதான்!”

“தங்கச்சி இந்நேரம் அம்மா பக்கத்துல உக்காந்திருப்பா. நேத்தே சொல்லி வெச்சுட்டேன்.”

அவர் பையைத் திறந்தார். இரண்டு போர்வைகள், சாப்பாடு, அவளுடைய இரவு மாத்திரை.

“அப்புறம் எதுக்கு அந்த விரட்டு விரட்டினீங்க?”

“ஒரு ராத்திரி வெளிய தங்கலாம்னு கூப்பிட்டா வரமாட்டே. விரட்டினா நகரமாட்டே. கல்யாணம் ஆன நாளா பாக்குறேனே!”