மொத்தம் என்ற கடைசி வரி

“கணக்கு உதைக்குதேம்மா” என்றார் தனபாலன்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் தி.நகரில் ஒரு ஐந்து மாடி ஜவுளிக்கடையின் மேனேஜர். எங்கள் ஆபீஸ் நந்தனத்தில். போன வாரம் அவர் கடை ஊழியர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நாங்கள் மருத்துவப் பரிசோதனை முகாம் நடத்தியிருந்தோம். அந்த ரிப்போர்ட்தான் இப்போது அவர் கம்ப்யூட்டரில் திறந்திருந்தது.

திறப்பதற்குள் மனிதருக்குப் போதும் போதும் என்றாகியிருக்கும். போனுக்கு ஓடிபி வரவேண்டும். டவுன்லோடு ஆகாது. பிரிண்ட் வராது. ஏழு நாளில் லிங்க் தானாகச் செத்துவிடும்.

யாருடைய பெயரும் அதில் இருக்காது. எந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு என்ன நோய் என்ற எண்ணிக்கை மட்டும்தான். ஐந்து பேருக்குக் குறைவான பிரிவென்றால் அதுவும் கிடையாது, வெறும் கோடு. ஆள் யாரென்று கடைக்காரர் கண்டுபிடித்துவிடக் கூடாது, அதற்காக.

இந்த சாஃப்ட்வேரையெல்லாம் கட்டியது நான். மூன்று வாரம் உட்கார்ந்து கட்டினேன். பெரிய பாதுகாப்பு, போங்கள்.

“காசநோய் சந்தேகம்னு போட்டிருக்கீங்களே. பட்டு செக்‌ஷன்ல ஒண்ணு. குடோன்ல ஒண்ணு. ஃபால் தைக்கிற இடத்துல கோடு. மத்ததெல்லாம் சைபர். ஆனா கீழ மொத்தம் மூணுன்னு இருக்கே. அப்ப அந்த மூணாவது ஆளு ஃபால் செக்‌ஷன்தானே?”

கடைசி வரியை நான் எடுக்கவில்லை. மொத்தம் போடாத ரிப்போர்ட்டை எந்த வாடிக்கையாளரும் சும்மா விடமாட்டார். கைப்பழக்கத்தில் போட்டுவிட்டேன். முப்பது வருடம் பில் பார்த்தவருக்கு ஒரு கழித்தல் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஃபால் தைக்கும் பிரிவில் இரண்டே பேர். ஜமீலுன்னிசா, தேவானை. மாடிப்படிக்குக் கீழே இரண்டு தையல் மெஷின், ஒரு ஃபேன்.

“முகூர்த்த சீசன்மா. சேலைய தொட்டுத் தைக்கிறவளுக்கு இந்த நோயின்னு தெரிஞ்சா கடைக்கு எவன் வருவான்? இன்னைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிருவேன். எந்தப் பிள்ளைன்னு மட்டும் சொல்லுங்க.”

பக்கத்து நாற்காலியிலிருந்து எங்கள் டீம் லீட் அஸ்வத் எட்டி மியூட் பட்டனை அழுத்தினான்.

“சிந்து, ஆமான்னும் சொல்லாத, இல்லன்னும் சொல்லாத. வாயத் தொறந்தா டேட்டா வெளிய போச்சுன்னு அர்த்தம்.”

மியூட்டை எடுத்தான்.

“தனிப்பட்ட விவரம் எதுவும் தர முடியாது சார்” என்றேன்.

“தர வேண்டாம் விடுங்க. ஜமீலாதான். நாலு நாளா இருமிக்கிட்டுக் கெடக்கா.”

ஜமீலுன்னிசா இல்லை. அவருடைய எக்ஸ்ரே சுத்தம்.

பெயர்களோடு இருக்கும் முழுப் பட்டியலைத் திறக்க எங்கள் ஆபீஸில் எனக்கும் டாக்டருக்கும் மட்டுமே அனுமதி. செவ்வாய்க்கிழமை காலையிலேயே பார்த்துவிட்டேன். இன்றைக்கு வெள்ளி. இந்த மூன்று நாளாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சாம்பாரில் உப்பு இருந்ததா என்று கேட்டால்கூடத் தெரியாது.

அவர் இல்லை சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். என் வேலை போகும், போனால் போகட்டும். ஆனால் இருப்பது இரண்டு பேர். ஒருவர் இல்லை என்றால் இன்னொருவர் என்று சொன்னதாகிவிடும்.

நான் சொல்லவில்லை.

ஸ்பீக்கரில் தனபாலன் யாரையோ கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் குரல். “எனக்கு இன்னா சார் கீது? வெறும் சளி சார். இந்த வேலைய நம்பித்தான் சார் கீறேன்.” தனபாலன் கத்தவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், பையை எடுத்துக்கொள் என்று தன்மையாகத்தான் சொன்னார்.

அவரவர் பரிசோதனை முடிவு அவரவர் போனுக்குத் திங்கட்கிழமைதான் போகும். அதற்குள் அந்த மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.

மொத்தம் என்ற வரியைத் தேடி அழித்தேன். தனபாலனின் திரையிலும் அந்த நொடியே அழிந்திருக்கும். அழகாக வேலை செய்தது.

கால் முடிந்ததும் அஸ்வத் என் மேஜையைத் தட்டினான். “சூப்பரா சமாளிச்ச. ஒரு பேரு வெளிய போகல பாரு.” காபி குடிக்க வருகிறாயா என்று கேட்டான். வரவில்லை என்றேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை. ஏசி குளிர் மட்டும் தெரிந்தது.

கால் மணி நேரத்தில் என் மொபைல் அடித்தது. அம்மா. வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டாள்.

“சிந்து, ஜமீலாவ அனுப்பிட்டாங்கடி. மெஷின் மேல தலைய வெச்சு ஒரே அழுக. பத்து வருசமா நானும் அவளும் ஒரே ஃபேனுக்குக் கீழ ஒக்காந்துகினு கீறோம், எனக்குத் தெரியாதா? உங்க ஆபீஸு ரிப்போர்ட்டுதான அது? நீ கொஞ்சம் பாத்துச் சொல்லேன்டி, நெஜமாவே அவதானான்னு.”

“அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா” என்றேன்.