பகல் குளிசை

“பகல் குளிசையையும் விடியச் சஹருக்கே சேத்துக் குடுத்தீங்களா உம்மா? டொக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா—” “நோம்போட பகல்ல குளிசை போட ஏலுமா மகள்? வாப்பாதான் சொன்னாரு—” ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரு பக்கமும் நின்று ஆதிபாவும் உம்மா றஸ்மியாவும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் விழுகிறார்கள். நடுவில் வாப்பா மர்சூக் கண்மூடிக் கிடக்கிறார். பிரஷர் குளிசை இரட்டித்து அவர் நாடியை அமுக்கிவிட்டது. அதைத் தூக்கிவிட ஏற்றிய மருந்து குழாயில் சொட்டுகிறது. திரையில் பச்சைக் கோடு கொஞ்சம் துள்ளுகிறது, மறுபடி சோர்கிறது. நர்ஸ் இன்னோர் ஊசியைப் போட்டுவிட்டு, இருவர் முகத்தையும் பார்க்காமல் நகர்கிறாள். ஜன்னலில் மாத்தளை மலைகள் மங்க, பள்ளிவாசலில் நோம்பு திறக்கும் பாங்கு ஒலிக்கிறது. மகளின் குரல் றஸ்மியாவுக்கு இப்போது கேட்கவில்லை. கொட்டை எடுத்த ஈத்தம்பழத்தை அவர் உதட்டருகே கொண்டுபோகிறாள். “ஆதிபாட வாப்பா, பாங்கு சொல்லியாச்சு. வாயத் தொறங்க.”