பார்த்துக்கலாம்

"கோர்ட்டுக்கா போறான்? போகட்டும். நானும் ஒரு கை பார்க்கிறேன்!"

வீட்டுக்காரர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்லச் சொல்ல, மனைவி லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள். கான்ட்ராக்டர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸுக்குக் காரசாரமாகப் பதில் தயாராகிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பாத்ரூமில் டைல்ஸ் மாற்ற வந்த கான்ட்ராக்டர், சுவரை உடைத்ததும் உள்ளே பைப்பெல்லாம் இற்றுப்போயிருப்பதைப் பார்த்தார். மொத்தத்தையும் புதிதாகப் போட்டார். அதற்கும் சேர்த்து பில் வந்தபோது வீட்டுக்காரர் முறுக்கிக்கொண்டார். அந்தப் புது பைப்பில் தினமும் ஜோராகக் குளித்துவிட்டுத்தான் இத்தனை வீராப்பும்.

"அவர் கேட்டுட்டுத்தானேங்க செஞ்சார்?" என்றாள் மனைவி. "கையில சுத்தியலோட வந்து நின்னு, 'கூடுதலா ஆகும் சார், என்ன சொல்றீங்க'ன்னாரே. நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

"கேட்டான். நான் என்ன சொன்னேன்?"

"பார்த்துக்கலாம்னு சொன்னீங்க."

"அதான்! சரின்னு சொன்னேனா? செய்யுன்னு சொன்னேனா? பார்த்துக்கலாம்னா, அப்புறம் பார்க்கலாம்னு அர்த்தம். எழுது! 'பார்த்துக்கலாம் என்ற சொல் எந்த வகையிலும் சம்மதம் ஆகாது.'"

அவள் எழுதினாள். வக்கீலுக்கே தோன்றாத பாயின்ட் தனக்குத் தோன்றிவிட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை. அவள் கணவருக்கு இதயத்தில் அடைப்பு என்று காலையில்தான் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

"அண்ணா, உள்ளே பார்த்தா இன்னொரு அடைப்பும் இருக்காம்ணா. கையோட அதையும் சரி பண்ணிடறது நல்லதுன்னு டாக்டர் வந்து நிக்கிறார். கூடுதலா ஆகுமாம். நான் என்ன சொல்லட்டும்?"

"பார்த்துக்கலாம்மா" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

"இது போதும்ணா!" தங்கை அழுதேவிட்டாள். "எங்கண்ணன் சொல்லிட்டார் டாக்டர், செய்ங்க!" என்று அவள் அங்கே சொல்வது இங்கே கூடம் வரை கேட்டது.

அவர் போனை வைத்தார்.

"அந்த வரி இருக்கட்டுமாங்க?" என்று மனைவி கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தாலாவது எரிந்து விழுந்திருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அவருக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போனார்.

"எல்லாத்தையும் அழிச்சிடு" என்று சொல்லிவிட்டு, கான்ட்ராக்டருக்கு போன் போட்டார்.

"கான்ட்ராக்டர் சார்..." இத்தனை நாளில் முதல் தடவையாக 'சார்' வந்தது. "தப்பு என் பேர்லதான். நீங்க கேட்டீங்க, நான் வாக்குக் கொடுத்தேன். அப்புறம் இல்லைன்னுட்டேன். சொல்லவே வெட்கமா இருக்கு. முழுப் பணத்தையும் இப்பவே அனுப்பிடறேன். கோர்ட்டு, கேஸெல்லாம் வேண்டாங்க. அந்த நோட்டீஸை வாபஸ் வாங்கிடறீங்களா?"

மறுமுனையில் யார் வீட்டுச் சுவரையோ உடைக்கும் சத்தம். அதற்கு நடுவே கான்ட்ராக்டரின் குரல், எப்போதும்போல் மரியாதையாகவே வந்தது.

"பார்த்துக்கலாம் சார்."